பவர் பட்டனுக்கு முன் ஆறு எழுத்துகள்

இரவு 11.30 இருக்கும். அக்கா மகள் கல்லூரி புராஜெக்ட்டை முடிக்கும் அவசரத்தில் இருந்தாள். பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், சுழலும் ஹார்டு டிஸ்க், உபுண்டு லினக்ஸ். பிரவுசரில் முப்பது நாற்பது டேப், பக்கத்தில் லிப்ரே ஆபிஸில் அறிக்கை, பின்னணியில் ஆயிரக்கணக்கான படங்களை அலசி முடிவுகளை ஒரு கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டிருந்த ஒரு பைத்தான் நிரல். திடீரென்று மவுஸ் அம்பு திரையின் நடுவில் நின்றது. மேல்மூலையில் கடிகாரமும் நின்றுவிட்டது.

"மாமா, ஹேங் ஆயிடுச்சு." சொல்லும்போதே அவள் விரல் பவர் பட்டன் மேல் இருந்தது.

"கைய எடும்மா. கேப்ஸ் லாக்கைத் தட்டிப் பாரு."

தட்டினாள். விளக்கு எரியவில்லை. "செத்துடுச்சு மாமா. ரெண்டு மணி நேர ரிசல்ட் எல்லாம் போச்சு."

கேப்ஸ் லாக் விளக்கு எரியாவிட்டால் கணினி செத்துவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். பாதிதான் உண்மை. விளக்கு எரிந்தால் உள்ளே உயிர் இருப்பது உறுதி. எரியாவிட்டால் எதுவும் உறுதியில்லை. லினக்ஸ் டெஸ்க்டாப்பில் அந்த விளக்கை மாற்றச் சொல்வது திரையைக் கவனித்துக்கொள்ளும் நிரல். அந்த நிரலே மூச்சுத் திணறிக் கிடந்தால் விளக்கு எப்படி எரியும்? நான் காது கொடுத்தது வேறு இடத்தில். லேப்டாப்பின் இடது ஓரத்தில் ஹார்டு டிஸ்க் விடாமல் கறகறவென்று ஓடிக்கொண்டிருந்தது. செத்த இயந்திரம் அப்படிச் சத்தம் போடாது.

நாம் 'ஹேங்' என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் பல வேறு நிலைகள். கணினிக்குள் மென்பொருள் அடுக்கடுக்காக இருக்கிறது. மேலே பிரவுசர், ஆபிஸ் போன்ற நிரல்கள். அவற்றுக்குக் கீழே சாளரங்களை வரைந்து மவுஸையும் கவனிக்கும் டெஸ்க்டாப். எல்லாவற்றுக்கும் அடியில் கெர்னல். ரேமையும் டிஸ்கையும் யாருக்கு எவ்வளவு, எப்போது என்று பங்கிட்டுக் கொடுப்பது அதுதான். நாம் பார்ப்பது மேல் இரண்டு அடுக்குகளை மட்டுமே. அவை நின்றதும் எல்லாமே நின்றுவிட்டதாகத் தோன்றுகிறது. கெர்னலோ பெரும்பாலும் அப்போதும் விழித்திருக்கும்.

அதை எட்டுவதற்குச் சரியான வழி விசைப்பலகை. விசையை அழுத்தியதும் செயலிக்கு ஒரு குறுக்கீட்டுச் சமிக்ஞை போகிறது. செயலி எந்த வேலையில் இருந்தாலும் அதை அப்படியே வைத்துவிட்டு, என்ன விசை என்று கேட்கக் கெர்னலுக்குள் வந்தாக வேண்டும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலேயே விசைப்பலகைக்கென்று 1-ஆம் எண் குறுக்கீட்டுக் கம்பியை ஒதுக்கியிருந்தார்கள். இன்றைய யுஎஸ்பி விசைப்பலகைகள் வேறு பாதையில் வந்தாலும் முடிவில் குறுக்கீடாகத்தான் கதவைத் தட்டுகின்றன. பிரவுசர் உறைந்திருக்கிறதா, டெஸ்க்டாப் பதில் சொல்கிறதா என்பதெல்லாம் இந்தத் தட்டலுக்கு ஒரு பொருட்டே இல்லை.

இந்த வழியை எல்லோருக்கும் பழக்கியது கன்ட்ரோல்-ஆல்ட்-டிலீட். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், போகா ரேட்டனில் முதல் ஐபிஎம் பிசியை உருவாக்கிய சிறு குழுவில் இருந்த டேவிட் பிராட்லி அதை எழுதினார். சோதனையின்போது கணினி நின்றுபோனால், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை அணைத்துப் போடாமல் மறுபடி தொடங்க ஒரு குறுக்குவழி அவருக்குத் தேவைப்பட்டது. முதலில் கன்ட்ரோல்-ஆல்ட்-எஸ்கேப் என்று வைத்தார். அந்த மூன்றும் இடது பக்கமே இருந்ததால் கை தவறிப் பட்டுவிடும் அபாயம் இருந்தது. அதனால் இரண்டு கையும் வேண்டும்படி டிலீட்டுக்கு மாற்றினார். நெருக்கடி விசை கைக்கு எட்ட வேண்டும், ஆனால் தவறிப் பட்டுவிடக் கூடாது என்ற யோசனை அப்போதே தொடங்கிவிட்டது.

ஆனால் பழைய டாஸ் காலத்தில் அந்த மூன்று விசைகள் செய்தது வெறும் மறுதொடக்கம். கோப்பு பாதி எழுதப்பட்டிருந்ததா என்று அது பார்க்காது. அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன ஏற்பாடு, யாரும் சீண்டாத வேறொரு விசையில் வந்து சேர்ந்தது.

உங்கள் விசைப்பலகையின் மேல்வரிசையில் பிரின்ட் ஸ்க்ரீன் விசையைப் பாருங்கள். பழைய பலகையானால் அதன் கீழே சிறிய எழுத்தில் 'சிஸ் ஆர்க்யூ' என்றும் அச்சிட்டிருக்கும். 'சிஸ்டம் ரெக்வெஸ்ட்' என்பதன் சுருக்கம், அதாவது இயங்குதளத்தை நேரடியாக அழைப்பது. ஐபிஎம்மின் பெருங்கணினி முனையங்களிலிருந்து வந்த இந்த யோசனை, 1984-இல் பிசி ஏடியின் 84 விசைப் பலகையில் தனி விசையாகவே இடம் பிடித்தது. அழுத்தினால் நிரல்களைத் தாண்டி இயங்குதளத்துக்கே செய்தி போகும் என்பது திட்டம். டாஸ் அதைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்து வந்த 101 விசைப் பலகையில் அது பிரின்ட் ஸ்க்ரீனோடு ஒண்டுக்குடித்தனம் போனது. ஆல்ட்டோடு பிரின்ட் ஸ்க்ரீனை அழுத்தினால் சிஸ் ஆர்க்யூ.

கேட்பாரற்றுக் கிடந்த அந்த விசைக்கு வேலை கொடுத்தவர் செக் நாட்டைச் சேர்ந்த மார்ட்டின் மாரேஷ். அதே நாட்டுக்காரரான பாவெல் மாஹெக்கின் யோசனைகளை அடிப்படையாகக் கொண்டு 1997-இல் லினக்ஸ் கெர்னலுக்காக அவர் எழுதிய சிறிய நிரல்தான் 'மேஜிக் சிஸ் ஆர்க்யூ'. இன்றும் அந்தக் கோப்பின் தலைப்பில் இருவர் பெயரும் இருக்கிறது. விசைத் தகவல் டெஸ்க்டாப்பைச் சென்றடைவதற்கு முன்பே கெர்னலின் வாசலில் இந்த நிரல் அதை வடிகட்டிப் பார்த்துவிடுகிறது. ஆல்ட்டும் சிஸ் ஆர்க்யூவும் அழுத்தியிருக்க, கூடவே ஓர் எழுத்து வந்தால் அந்த எழுத்துக்குரிய வேலையைக் கெர்னலே செய்யும். டெஸ்க்டாப்புக்குச் செய்தியே போகாது.

அன்று இரவு நான் அவளுக்குச் சொன்னவை ஆறு எழுத்துகள்: ஆர், இ, ஐ, எஸ், யு, பி. லினக்ஸ்காரர்கள் சேர்த்து 'ரீசப்' என்பார்கள். பின்னிருந்து படித்தால் 'பிஸியர்' என்ற ஆங்கிலச் சொல். என் அக்கா மகள் பிறகு தனக்கென்று ஒரு தமிழ் வாக்கியம் வைத்துக்கொண்டாள்: ரொம்ப எரிச்சல் இல்லாம சும்மா உட்காரு, பூட் ஆகும். கடைசிச் சொல்லைத் தவிர ஒவ்வொன்றின் முதல் ஒலியும் ஓர் எழுத்து. எனக்குத் தெரிந்த ஆங்கில வாக்கியங்களைவிட இது மேல். என்ன செய்ய வேண்டும் என்பதையும் அதுவே சொல்லிவிடுகிறது.

ஆர், விசைப்பலகையை டெஸ்க்டாப்பின் பிடியிலிருந்து கெர்னல் திரும்ப வாங்கிக்கொள்வது. அதன்பின் கன்ட்ரோல்-ஆல்ட்-எஃப்3 அழுத்தினால் கறுப்புத் திரையில் எழுத்து முனையம் வந்துவிடக் கூடும். வந்துவிட்டால் அங்கே உள்ளே நுழைந்து, தொல்லை கொடுக்கும் நிரலை மட்டும் நிறுத்திவிட்டுத் திரும்பலாம். மிச்ச எழுத்துகளுக்கு வேலையே இல்லை.

இ, முதல் நிரலான இனிட்டைத் தவிர ஓடும் எல்லாவற்றுக்கும் 'முடித்துக்கொள்' என்று நாகரிகமாகச் சொல்வது. நன்றாக எழுதப்பட்ட நிரல் இதைக் கேட்டதும் கையிலிருப்பதைப் பத்திரப்படுத்தும். விம் என்ற உரைத் திருத்தி இந்தச் செய்தியைப் பெற்றால், சேமிக்காத மாற்றங்களை மீட்புக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் வெளியேறும். சில நேரம் இ-யிலேயே டெஸ்க்டாப் கலைந்து நுழைவுத் திரை வந்து நிற்கும். ஐ, அதே உத்தரவு, நாகரிகம் இல்லாமல். செய்தியைப் பெறும் வாய்ப்பே தராமல் கெர்னல் நிரலை அகற்றிவிடும். இ-க்கும் ஐ-க்கும் இடையே பத்து நொடியாவது விடச் சொல்வது இதனால்தான். முதல் உத்தரவைக் கேட்டு ஒரு நிரல் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை அனுப்பினால், கதவைத் தட்டிவிட்டு உடனே உடைப்பதற்குச் சமம்.

எஸ் என்ற எழுத்தில் கொஞ்சம் நின்றாக வேண்டும். மொத்த ஏற்பாடும் இதற்காகத்தான்.

நாம் 'சேவ்' கொடுத்ததும் டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அப்போது அது ரேமில்தான் இருக்கிறது. டிஸ்க் மெதுவானது, ஒவ்வொரு வரிக்கும் அதை ஓடவிட்டால் கணினி நகராது. அதனால் கெர்னல் எழுத வேண்டியதையெல்லாம் ரேமில் சேர்த்து வைத்துக்கொண்டு, நிரலிடம் "எழுதியாச்சு" என்று சொல்லிவிடுகிறது. லினக்ஸின் இயல்பான அமைப்பில் 5 நொடிக்கு ஒருமுறை கெர்னல் எழுந்து பார்க்கும். 30 நொடி வயதான பக்கங்களை டிஸ்குக்கு அனுப்பும். அப்படியானால் எந்த நொடியில் மின்சாரத்தைப் பிடுங்கினாலும் கடைசி அரை நிமிட வேலை காற்றில் இருக்கலாம். உறைந்து திணறும் கணினியில் அது இன்னும் அதிகம், ஏனென்றால் டிஸ்குக்குப் போக வேண்டியவை வரிசையில் காத்துக் கிடக்கும். எஸ் என்பது அந்த வரிசை முழுவதையும் உடனே இறக்கிவைக்கச் சொல்லும் உத்தரவு.

கவனிக்க வேண்டியது, விசையை அழுத்திய நொடியில் எழுதி முடிந்துவிடுவதில்லை. அழுத்துவது வேலையைக் கெர்னலின் கையில் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். எழுதி முடிந்ததும் எழுத்து முனையத்தில் முடிந்தது என்று ஒரு வரி வரும். உறைந்த டெஸ்க்டாப்புக்குப் பின்னால் அந்த வரி நமக்குத் தெரியாது. எனவே காத்திருப்பதைத் தவிர வழியில்லை. எஸ்ஸை அழுத்திய கையோடு பி-யையும் அழுத்துபவர் பவர் பட்டனை அழுத்தியவரைவிட அதிகம் எதையும் காப்பாற்றவில்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நிரல் கெர்னலிடம் ஒப்படைத்ததைத்தான் எஸ் காப்பாற்றும். லிப்ரே ஆபிஸில் நீங்கள் அடித்துவிட்டு இன்னும் சேமிக்காத பத்தி அந்த நிரலின் தனிச் சொத்து. கெர்னலுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

யு, எல்லாக் கோப்பு முறைமைகளையும் 'படிக்க மட்டும்' என்ற நிலைக்கு மாற்றுகிறது. இனி யாரும் எழுத முடியாது, பாதியில் நிற்க எதுவும் இருக்காது. கடைசியாக பி, உடனடி மறுதொடக்கம். அது எதையும் கேட்காது, எதையும் சேமிக்காது. முதல் எழுத்தாக அதை அழுத்தினால் வெறும் ரீசெட் பட்டன்தான்.

இன்றைய கோப்பு முறைமைகளுக்கு இவ்வளவும் தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2001-இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த எக்ஸ்ட்3-யும், அதன் வாரிசான எக்ஸ்ட்4-உம் சிட்டை வைத்துக் கணக்கெழுதும் கடைக்காரரைப் போன்றவை. பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் சிட்டையில் குறித்துவிடும். நடுவில் மின்சாரம் போனாலும் சிட்டையைப் பார்த்து பேரேட்டைச் சரிசெய்துவிடலாம். டிஸ்க் முழுவதும் சோதிக்க மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அதனால் போயிற்று. ஆனால் இயல்பான அமைப்பில் அந்தச் சிட்டை காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற கணக்கை. கோப்புக்குள் இருக்க வேண்டிய கடைசி வரிகளுக்கு அது பொறுப்பேற்காது. வீடு இடியாது, வீட்டுக்குள் வைத்த பொருள் காணாமல் போகலாம். எனக்கு அந்தப் பொருள்தான் முக்கியம்.

அன்று இரவுக்கு வருகிறேன். இடது கையால் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டாள். வலது கையால் பிரின்ட் ஸ்க்ரீன். அந்த லேப்டாப்பில் அதற்கு எஃப்என் விசையும் சேர்த்து அழுத்த வேண்டியிருந்தது. மலிவான பலகைகள் ஒரே நேரத்தில் நாலைந்து விசைகளைத் தாங்காது என்பதால், ஆல்ட்டை மட்டும் பிடித்தபடி மற்ற இரண்டையும் விட்டுவிட்டு எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னேன். ஆர். ஒன்றும் நடக்கவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு அப்போதும் எரியவில்லை. இ. பத்து நொடி. ஒன்றும் இல்லை. ஐ. மறுபடியும் பத்து நொடி. டிஸ்க் பழைய கறகறப்பிலேயே இருந்தது. அவள் என்னைப் பார்த்தாள். "அடுத்தது அழுத்து," என்றேன். எஸ். இப்போது டிஸ்கின் சத்தம் மாறியது. அந்தக் கறகறப்பு போய், ஒரே சீராக ஓர் இரைச்சல். அரை நிமிடம் எண்ணினோம். யு. இன்னும் பத்து நொடி. பி. திரை கறுத்து, தயாரிப்பாளர் சின்னம் வந்தது.

கணினி எழுந்ததும் அவள் முதலில் திறந்தது முடிவுகள் கோப்பை. நிரல் எழுதிக் கொடுத்த கடைசி வரி வரை இருந்தது. அறிக்கையில் கடைசி இரண்டு பத்திகள் போயிருந்தன. மற்றதைத் தானியங்கி மீட்பு கொண்டுவந்தது.

முதல் மூன்று எழுத்துகள் ஏன் வேலை செய்யவில்லை? இதைத்தான் பலர் கவனிக்காமல், "எனக்கு ரீசப் வேலை செய்யாது" என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். எந்த எழுத்துக்கு அனுமதி என்பதைக் கெர்னல் ஒரே எண்ணில் வைத்திருக்கிறது. ப்ராக் கோப்பகத்துக்குள் சிஸ், அதற்குள் கெர்னல், அதற்குள் சிஸ்ஆர்க்யூ என்ற கோப்பு. திறந்தால் உள்ளே ஒரே எண். அவள் கணினியில் 176.

அது ஒரு கூட்டுத்தொகை. விசைப்பலகையை மீட்பதற்கு 4, டிஸ்கில் எழுதுவதற்கு 16, படிக்க மட்டும் ஆக்குவதற்கு 32, நிரல்களுக்கு முடிவுச் செய்தி அனுப்புவதற்கு 64, மறுதொடக்கத்துக்கு 128. 176 என்றால் 128, 32, 16. அதாவது எஸ், யு, பி மட்டும். உபுண்டு அப்படித்தான் வைத்து அனுப்புகிறது. டெபியன் 438 என்று வைத்து விசைப்பலகை மீட்பையும் அனுமதிக்கிறது. ஃபெடோரா 16 என்று எஸ்ஸோடு நிறுத்திக்கொள்கிறது. காரணம் இருக்கிறது. விசைப்பலகையைத் தொடக்கூடிய எவரும், கடவுச்சொல் தெரியாமலேயே இந்த எழுத்துகளை அழுத்தலாம். நிரல்களைக் கொல்லும் அனுமதி இருந்தால், பூட்டிய திரையைக் காக்கும் நிரலும் கொல்லப்பட வாய்ப்பு உண்டு. பலர் கைபடும் ஆய்வகக் கணினியில் இந்தக் கட்டுப்பாடு சரி. வீட்டில் ஒருவரே பயன்படுத்தும் லேப்டாப்பில் எனக்கு அது தேவையற்ற பயமாகப் படுகிறது. அந்த ஐந்து எண்களையும் கூட்டினால் 244. இடிசி கோப்பகத்தின் சிஸ்சிடிஎல்.டி-யில் அதை எழுதி வைத்தால் ஒவ்வொரு தொடக்கத்திலும் அமலாகும். அன்றே அவளை எழுத வைத்தேன். இந்த அனுமதியை ஹேங் ஆன பிறகு மாற்ற முடியாது.

உண்மையில் அவள் கணினிக்கு மறுதொடக்கமே தேவைப்பட்டிருக்காது. ரேம் நிரம்பினால் கெர்னல் சில பக்கங்களை டிஸ்கில் இறக்கி இடம் பிடிக்கும். அடுத்த நொடியே இறக்கிய பக்கம் வேண்டும் என்று ஒரு நிரல் கேட்கும். அதை ஏற்ற வேறொன்றை இறக்க வேண்டும். இறக்குவதும் ஏற்றுவதுமே முழுநேர வேலையாகிவிடும். பீட்டர் டென்னிங் 1968-இலேயே இந்த நோயை ஆராய்ந்து எழுதினார். 'திராஷிங்' என்று பெயர். ரேமிலிருந்து எடுக்க சுமார் 100 நானோ நொடி, சுழலும் டிஸ்கில் தேடி எடுக்க சுமார் 10 மில்லி நொடி. லட்சம் மடங்கு. ரேமில் ஒரு நொடி ஆகும் வேலை என்று வைத்துக்கொண்டால் டிஸ்கில் அது கிட்டத்தட்ட 28 மணி நேர வேலை. கணினி நிற்கவில்லை; நம் கண்ணுக்குத் தெரியாத வேகத்துக்கு மெதுவாகிவிட்டது.

இதற்கென்றே இன்னோர் எழுத்து இருக்கிறது: எஃப். நினைவகத்தை அதிகம் விழுங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரலைக் கெர்னலே தேர்ந்தெடுத்துக் கொல்லும். எது போகும் என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால் மற்றவை பிழைக்கும். வீட்டுக் கணினிகளில் ஹேங் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி நினைவகப் பற்றாக்குறைதான் என்பது என் அனுபவம். அதனால் நான் ஆறு எழுத்துக்கு முன்பு எஃப்பைத்தான் முயல்வேன். 64-ஐ அனுமதித்திருந்தால்தான் அது நடக்கும். விளையாட்டாகக்கூட சி-யை அழுத்த வேண்டாம். அது ஆய்வுக்காகக் கெர்னலை வேண்டுமென்றே விழ வைக்கும் எழுத்து. பழகிப் பார்க்க எஸ் நல்லது. நன்றாக ஓடும் கணினியில் அழுத்தினால் எந்தக் கெடுதலும் இல்லை. கெர்னல் பதிவேட்டில் வரி விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸில் இந்த அளவுக்கு ஆழமான வழி இல்லை. கன்ட்ரோல்-ஷிஃப்ட்-எஸ்கேப் பணி மேலாளரைத் திறக்கும். திரை மட்டும் உறைந்திருந்தால் விண்டோஸ்-கன்ட்ரோல்-ஷிஃப்ட்-பி வரைகலை டிரைவரை மறுபடி தொடங்கும்; ஒரு சிறு ஒலி, ஒரு சிமிட்டல், பல நேரம் அதோடு சரியாகிவிடும். மேக்கில் கமாண்ட்-ஆப்ஷன்-எஸ்கேப், அடம்பிடிக்கும் நிரலை வெளியேற்றும்.

எந்த எழுத்துக்கும் அசையாத நிலையும் உண்டு. கெர்னலே விழுந்துவிட்டால் சில விசைப்பலகைகளில் கேப்ஸ் லாக் விளக்கு தானாகச் சிமிட்டிக்கொண்டிருக்கும். நினைவகச் சில்லோ மின்வழங்கியோ கெட்டிருந்தால் அந்தச் சிமிட்டலும் இருக்காது. அப்போது பவர் பட்டனை 4 நொடிக்கு மேல் அழுத்திப் பிடிப்பதுதான் வழி.

இரண்டு வாரம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. மறுபடியும் ஹேங், அதே பைத்தான் நிரல். ஆல்ட், பிரின்ட் ஸ்க்ரீனோடு எஃப் மட்டும் அழுத்தியிருக்கிறாள். "கொஞ்ச நேரம் டிஸ்க் கத்துச்சு மாமா, அப்புறம் மவுஸ் நகர்ந்துச்சு. பைத்தான் மட்டும் போயிடுச்சு. ரிப்போர்ட் அப்படியே திறந்திருக்கு, சேவ் பண்ணிட்டேன்."